வலப்பக்கத்து மேசை

அக்கா அந்தப் பழைய புத்தகத்தை விரித்து, முகத்தைப் புதைத்து, நீளமாக மூச்சிழுத்தாள். பிறகு மூடிவிட்டு, "இதுல வாசனையே இல்லடி" என்றாள்.

தங்கை வாங்கி முகர்ந்தாள். ஈரம் பட்டுக் காய்ந்த காகிதம், தூசி, யார் வீட்டு அலமாரியிலோ பல காலம் கிடந்த மரவாடை, எல்லாம் குப்பென்று வந்தன. அக்காவுக்குச் சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வருடத்தில் ஒரு வாரக் கடைசியை இருவரும் பழைய பொருள் கடைகள் நிறைந்த இந்த ஊரில் வந்து கழிப்பதே இந்த வாசனைக்காகத்தான்.

புத்தகக் கடைக்காரர் தங்கையிடம் மட்டுமே பேசினார். அக்கா விலை கேட்டபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வெளியே வந்ததும் அக்கா சிரித்தாள். "நல்ல ஏமாளி யாருன்னு பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டார் பாரு." அந்தச் சிரிப்பு பக்கத்தில் நடப்பவளுடையதாக இல்லை, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து கேட்பது போல் அமுங்கி வந்தது.

தங்கைக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது.

எப்போதும் முதலில் பழைய துணிக்கடைக்குத்தான் போவார்கள். தாங்கள் உடுத்தி அலுத்ததைக் கொடுத்துவிட்டு, வேறு யாரோ உடுத்தியதைத் தேடி எடுப்பார்கள். அங்கே இரண்டு மேசைகள். இருப்பவர்களின் துணிக்கு இடப்பக்கம், இறந்தவர்கள் வீட்டிலிருந்து வருவதற்கு வலப்பக்கம். இன்று அக்கா வாசலில் நின்று போனில் யாரையோ கலாய்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கத்து வரிசை தெரு வரை நீண்டிருந்தது. தங்கை, அக்காவின் பச்சை ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் சால்வையும் இருந்த பையை வலப்பக்கத்து மேசையில் வைத்தாள். அங்கிருந்த பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை உடுத்தியவர் போய்விட்டாரா என்று தணிந்த குரலில் கேட்டாள். ஒரு பேனா வாங்கவே பத்து முறை யோசிக்கிற தங்கை, பின்னால் வந்து நின்ற ஆளைப் பார்த்துக் கூசி, விளக்கம் சொல்லச் சோம்பி, ஆமாம் என்று சொல்லிவிட்டாள். உனக்கு அவர் யார் என்று அடுத்த கேள்வி.

"அக்கா."

ஒரு பொய், அவ்வளவுதானே என்று இப்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் எதிரே வந்தவர்கள் அக்காவுக்காக விலகவில்லை. அக்காதான் ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி, சுவரோடு சுவராக நடந்தாள். அவள் கூந்தலிலிருந்து அந்துருண்டை வாசனை வந்தது. மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"குளிருதுடி. அந்த ஸ்வெட்டரைக் கொடுத்திருக்க வேணாம்."

தங்கை அவள் கையைப் பிடித்தாள். ராத்திரி முழுக்கக் கொடியில் கிடந்த துணி போல் சில்லென்றிருந்தது. எடையே இல்லை. பிடித்த பிடியை விடாமல் இழுத்துக்கொண்டு ஓடினாள். ஏன் அழுகிறாய் என்று அக்கா வழியெல்லாம் கேட்டாள். ஒவ்வொரு முறையும் குரல் குறைந்தது.

துணிக்கடையில் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டர் மத்தியானமே விற்றுப்போய்விட்டதாம். மற்றவையும்.

"தப்பா சொல்லிட்டேங்க. எங்க அக்கா இதோ நிக்கறா, பாருங்க."

மேசைப் பெண் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தாள். பொறுமையாகவே பார்த்தாள். பிறகு தங்கையின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"எல்லாரும் இப்படித்தாம்மா வந்து நிப்பாங்க. இந்த மேசையில சொன்னத நாங்க திருப்பி எடுத்துக்கறதில்ல."

கைக்குள் இருந்த விரல்கள் வழுக்கின.

திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை.

வலப்பக்கத்துக் கம்பி. வரிசையாகத் தொங்கும் கோட்டுகள். இரண்டு கோட்டுகளுக்கு நடுவே அக்கா. தோள்கள் தூக்கியபடி. கால்கள் தரையைத் தொடவில்லை. கண்கள் திறந்திருந்தன. அவை தங்கையைப் பார்த்தன.

துணி எடுக்க வந்த ஒருத்தி அந்த இடத்தில் நின்றாள். அக்காவின் முழங்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். கிழிசல் இல்லை. பின்பக்கம் போனாள். தன் கைப்பையைத் தரையில் வைத்தாள்.

தங்கை கத்தினாள். யாரும் நிமிரவில்லை.

துணி எடுக்க வந்தவள் அக்காவின் தோளுக்குள் ஒரு கையை மெல்ல நுழைத்தாள்.

உள்ளிருந்து நிரம்பி, அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.