பக்கெட்டில் இரண்டு தட்டு

எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிய பிறகு, வண்டியின் மண் அள்ளும் பக்கெட்டில் இரண்டு தட்டு கேட்டது.

ஆபரேட்டர் முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாளெல்லாம் வெயிலில் வெந்த இரும்பு சாயங்காலம் ஆறும்போது அப்படித்தான் முனகும், நெட்டி முறிக்கும். மண் தோண்டும் வண்டியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரியாதா? மற்ற வண்டிக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். புது சாலைக்காக வெட்டிய பள்ளங்களின் ஓரத்தில் அவர்களுடைய மஞ்சள் வண்டிகள் கையை மடக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. ஈர மண் வாசனையும் டீசல் வாசனையும், அவற்றுக்கு அடியில் எங்கேயோ தேங்கிக் கிடக்கும் தண்ணீரின் நாற்றமும் கலந்து, பள்ளத்துக்குள்ளிருந்து மெல்ல மேலே ஏறி வந்தன. மறுபடியும் இரண்டு தட்டு. இந்தத் தடவை நிதானமாக, இடைவெளி விட்டு.

அந்தத் தட்டுக்கு அர்த்தம் உண்டு. மேலே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குப் பள்ளத்தின் அடி தெரியாது. அடியில் நிற்கிறவன் மண்வெட்டியால் பக்கெட்டைத் தட்டிச் சொல்வான். இரண்டு தட்டினால், இன்னும் தோண்டு. ஒரு தட்டு என்றால், போதும், நிறுத்து. எஞ்சின் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. இரும்பில் தட்டினால் கேட்கும். இவனுக்குத் தட்டியவன் இவன் தம்பி. எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவான் என்பதால் அவனுக்குச் சுண்டெலி என்று பேர். "எங்கண்ணன் என் மூக்குல உட்கார்ந்த ஈயைக்கூட பக்கெட்டாலயே எடுத்துடுவான். மூக்கு மிச்சம் இருக்குமான்னு மட்டும் கேட்காதீங்க" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வான்.

அப்போது இங்கே ஒரே ஒரு வண்டிதான். பிறகு வேகம் வேண்டும் என்றார்கள். சாலை வந்தால் எல்லாருடைய தலையெழுத்தும் மாறிவிடுமாம். பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வந்து இறங்கின. யார் வேண்டாம் என்பார்கள், வேலையாயிற்றே. ஆனால் அத்தனை பள்ளங்களிலும் அத்தனை பேர் ஒரே மாதிரி தட்டினால் எது யாருடைய தட்டு என்று எவன் கண்டான்? பக்கத்துப் பள்ளத்தில் எவனோ இரண்டு தட்டினான். அண்ணன் தோண்டினான். அடி பெயர்ந்த மண்சுவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தது. அதே பக்கெட்டால்தான் தம்பியை வெளியே எடுத்தான். தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தக் கொடுமை எந்த அண்ணனுக்கும் வரக்கூடாது.

அடக்கம் முடிந்து வந்ததும், கர்ப்பமாக இருந்த தம்பி மனைவியிடம் அவன் ஒன்றுதான் சொன்னான். "உன்னையும் பிள்ளையையும் நான் பார்த்துக்கறேம்மா." அவள் அழக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது. அவன் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு வாக்கைத் தவிர வேறு காரணம் இல்லை.

அன்றிலிருந்து அவன் பள்ளத்தில் ஆளையே இறக்குவதில்லை. இன்றைக்கும் இல்லை. இறங்கிப் போய் எட்டிப் பார்த்தான். அடியில் இருட்டு சேர ஆரம்பித்திருந்தது. சுவரிலிருந்து மண் சரசரவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. தரையில் பக்கெட். சுற்றிலும் ஈ காக்கை இல்லை.

தட். தட்.

வேறு யாராக இருந்தாலும் தலைதெறிக்க ஓடியிருப்பார்கள். அவனுக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது, என்ன செய்ய. மேலே ஏறிச் சாவியைத் திருப்பினான்.

ஒரு பக்கெட் மண் எடுத்தான். இரண்டு தட்டு. இன்னொன்று எடுத்தான். இரண்டு தட்டு. சுவருக்கு முட்டுப் பலகை கொடுக்காமல் இந்த ஆழம் போகக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் போனான். "இந்தா வந்துட்டேன்டா" என்று வாய்விட்டே சொன்னான். கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையை நனைத்தது.

"மாமா."

எஞ்சினை அணைத்தான். தம்பி மனைவி, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு, இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன், எடுக்கலையே மாமா. அதான் நானே வந்தேன்."

"இந்த நிலைமையில இங்க எதுக்கும்மா வந்தே? முதல்ல வீட்டுக்குப் போ."

தட். தட்.

அவள் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல மலர்ந்தது. இத்தனை மாதங்களில் அந்த முகத்தில் அவன் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

"அவர்தான் மாமா."

"இரும்பு ஆறுற சத்தம்மா அது."

"எனக்குத் தெரியாதா? வீட்டுக் கதவையும் இப்படித்தானே தட்டுவாரு." தூக்கைத் தரையில் வைத்தாள். "என்ன சொல்றாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இன்னும் தோண்டச் சொல்றான்."

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஆட்கள் இறங்கும் சரிவில் கால் வைத்துவிட்டாள். அவன் வண்டியிலிருந்து குதித்தான்.

"வேண்டாம்மா. உன் கால்ல விழறேன். மேல வா."

"ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன் மாமா."

அவள் பக்கெட்டில் உள்ளங்கையை வைத்தாள். கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடினாள்.

சுவர் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. புழுதி. அவ்வளவுதான்.

அவன் வண்டிக்கு ஓடினான். எஞ்சினைக் கிளப்பி, பக்கெட்டை மேலே தூக்கி அந்தரத்தில் நிறுத்தினான். பள்ளத்தில் குதித்தான். கையால் தோண்டினான். நகம் பெயர்ந்தது. தோண்டினான். அலறல் கேட்டு மற்றவர்கள் ஓடி வந்தார்கள். அவர்களும் கையாலேயே தோண்டினார்கள். முதலில் வளையல் போட்ட கை. பிறகு தலைமுடி.

தூக்கி வந்து கரையில் படுக்க வைத்தார்கள். ஒருவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். வயிற்றில் காது வைத்துப் பார்த்தான். வெகுநேரம் வைத்திருந்தான். எழுந்தபோது யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

ஆபரேட்டர் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வாயில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்தது. "பார்த்துக்கறேன்னு சொன்னேனேம்மா" என்றான். அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

யாரோ போய் எஞ்சினை அணைத்தார்கள்.

அமைதி.

தட். தட்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள். பக்கெட் அவர்கள் கண்ணெதிரே அந்தரத்தில் தொங்கியது. காலியாக. பக்கத்தில் யாரும் இல்லை.

மறுபடியும் இரண்டு. பக்கத்திலேயே. மென்மையாக, உள்ளங்கையால் தட்டுவதுபோல.

"ஒரு தட்டு தட்டும்மா" என்று ஆபரேட்டர் கெஞ்சினான். "போதும்னு சொல்லும்மா."

நேரம் போனது.

பிறகு வந்தது. பக்கெட்டின் அடியில். நகம் படுகிற அளவுக்குத்தான் சத்தம். பழக்கமில்லாத, மிகச் சின்னக் கை.

இரண்டு தட்டு.