காகிதம் வந்துச்சா?

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், ஐனர் என்கிற கிழவர் எங்கள் வார்டின் ஒன்பதாம் அறைக்கு வந்து சேர்ந்தார். எண்பத்தொரு வயது. நுரையீரலில் புற்று. காலமெல்லாம் படகுகளைப் பழுது பார்த்தவர். வாயில் எப்போதும் உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய் ஒன்று இருக்கும். அது பல்லில் மோதி டக் டக்கென்று சத்தம் கொடுக்கும். அறைக்குள் நுழையும் முன்பே அதன் வாசனை வந்துவிடும்.

அக்கா, இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். அம்மா காதுக்குப் போக வேண்டாம். இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

வார்டில் சேரும்போது எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுப்போம். தன் நிலைமையை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று நோயாளிதான் முடிவு செய்வார். அது அவர் உரிமை. டாக்டர்கூடக் குறுக்கே பேச முடியாது. ஐனர் தன் மகள் சிஸலின் பெயரை எழுதி, 'கூடாது' என்ற கட்டத்தில் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு கோடு போட்டார்.

ஆறு வருடத்துக்கு முன் அவர் மனைவி கிரெதே, இதே ஆஸ்பத்திரியில், இனி எனக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதுவும் உரிமைதான். மகள் அம்மா பக்கம் நின்றாள். பெத்தவள சாகட்டும்னு விட்டுட்டா என்று சொல்லி, அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தியவர் ஐனர்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைப் பார்த்துவிட்டுச் சிஸலிடம் சொல்லியிருக்கிறார். தினமும் மதியம் அவள் போன் செய்தாள். வார்டு போன் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அப்படி ஒருவர் இங்கே இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று தினமும் ஒப்பித்தேன். அவள் ஒருநாளும் சண்டை போடவில்லை. ஒரே ஒருமுறை மட்டும் மெதுவாகச் சொன்னாள்:

"ஒருவேளை இருந்தார்னா, படுத்துக்கிட்டே மிட்டாய் சாப்பிட விடாதீங்க. தொண்டையில மாட்டிக்கும்."

பதினொன்றாம் நாள். மூன்று பத்து. இங்கே இந்த மாதத்தில் அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும். ஒன்பதாம் அறை வாசலில், நோயாளி பொத்தானை அழுத்தினால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே போனேன். ஐனரின் முகம் சாம்பல் பூத்திருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சிஸலைக் கூப்பிடு, பொண்ணே. கிரெதே ஏன் போதும்னு சொன்னாள்னு இப்பதான் புரியுது."

உடனே கூப்பிட்டிருக்கலாம். போன் என் பையிலேயே இருந்தது. ஆனால் அந்தப் படிவத்தில் 'கூடாது' என்று இருக்கிறதே. இந்த ஊரில் என் வாய்ச்சொல்லை யாரும் இதுவரை நம்பியதில்லை அக்கா. என் வயது, என் படிப்பு, நான் இருக்கும் வீடு, எல்லாவற்றுக்கும் காகிதம்தான். புதுப் படிவம் கொண்டு வருகிறேன், ஒரு கையெழுத்து போட்டுவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். சீக்கிரம் வா, நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன் என்றார்.

பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது. பத்தொன்பது நிமிடம்.

நான் திரும்பி வந்தபோது மிட்டாய் தலையணையில் விழுந்து கிடந்தது.

மூத்த நர்ஸ் யூட்டே வந்து அவர் கண்களை மூடினாள். பிறகு, இங்கே எல்லோரும் செய்வதுபோல, உயிர் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள். நான் கையெழுத்தாகாத அந்தப் புதுப் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் கடைசியாகச் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம்.

மறுநாள் மூன்று பத்துக்கு ஒன்பதாம் அறை விளக்கு எரிந்தது.

அறை காலி. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அழைப்பு பொத்தான் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிமதுர வாசனை. விளக்கை அணைக்க அந்தப் பொத்தானைக் கையில் எடுத்தேன்.

இளஞ்சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான்காம் நாள் அந்த அறைக்கு ஒரு பஸ் டிரைவர் நிமோனியாவோடு வந்தார். மறுநாள் மாலை காபி கொண்டு போனேன். சிரித்துக்கொண்டே கேட்டார்:

"உங்க ஆளுங்கள்ல ஒரு கிழவர் வந்து நிக்கிறாரே, யாரு? தண்ணி கேட்டா தரல. காகிதம் வந்துச்சா, காகிதம் வந்துச்சான்னு என்னையே கேக்கறார். நான் என்ன தபால்காரனா?"

காபிக் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்றே யூட்டேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடித்த படிவத்தையும் காட்டினேன். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள்.

"காகிதம் எதுக்கு? மனசு மாறிட்டேன்னு அவர் வாயால சொன்னாரே, அதுவே போதும். அது அவர் உரிமை. உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மகள் வந்தால் நீயே சொல்லிவிடு என்று மட்டும் சொன்னாள்.

சாவுச் செய்தியை ஆஸ்பத்திரி சொல்லியிருந்ததால், சனிக்கிழமை சிஸல் அப்பாவின் துணிப்பையை வாங்கிப் போக வந்தாள். அவரைப் போலவே நீண்ட கைகள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அப்பா என்னைக் கேட்டாரா?

சொன்னேன். பிரிண்டர், பத்தொன்பது நிமிடம், என் பயம், எதையும் விடவில்லை. அவள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து அப்பாவின் பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கயிறுகளை முடிந்துகொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நான் கீழ, வண்டி நிறுத்துற இடத்துலதான் உக்காந்திருந்தேன். தினமும் அங்கதான் இருப்பேன். மேல வர எனக்கு உரிமை இல்லையேன்னு வரல."

துணிப்பையை லிஃப்ட் வரை அவளுக்காகத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவள் போன பிறகு ஒன்பதாம் அறை விளக்கு எரிந்தது. பஸ் டிரைவர் காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். காலி அறைக்குள் நின்று, கட்டிலைப் பார்த்துச் சொன்னேன்.

"காகிதம் வேண்டாம். நீங்க சொன்னதே போதும். உங்க மககிட்ட சொல்லிட்டேன்."

விளக்கு தானாக அணைந்தது.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நேற்று மாலை வார்டு மேசையில் இருக்கும் போன் அடித்தது. சிஸல். கிசுகிசுத்தாள்.

"நான் என் கடை போன்லேர்ந்து பேசறேன். உங்க வார்டு நம்பர்லேர்ந்து என் மொபைலுக்கு ஒரு அழைப்பு வந்திருக்கு. யாரும் பேசல. மிட்டாய் சத்தம் மட்டும் கேக்குது. நான் வைக்கல. அவரும் வைக்கல."

என் பையில் ஏதோ லேசாக வெளிச்சமடித்தது. வார்டு போனை வெளியே எடுத்தேன். திரையில் சிஸலின் எண். அழைப்பு தொடங்கிப் பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

காதில் வைத்தேன்.

டக். டக்.

கட்டை விரல் சிவப்புப் பொத்தான் வரை போய் நின்றது. அதை அழுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது அக்கா? சத்தம் போடாமல் ஒன்பதாம் அறைக்குப் போனேன். போனைத் தலையணைமேல் வைத்தேன்.

காற்றுக்காக யாரோ திறந்து வைத்திருந்த ஜன்னலை மூடினேன்.