முடிச்சு தெரிந்த பக்கம்

கசிந்திருந்த வீடியோவில் நூலின் முடிச்சு தெரிந்தது.

ஸுகைனா தன் உடம்பை முதலில் பார்க்கவில்லை. ஆறு வருஷமாகக் கழுத்துக்குக் கீழே படம் பிடித்து இணையத்தில் விற்கிறவளுக்கு அது கடையில் தொங்கும் சரக்கு. அதைப் பார்க்க என்ன இருக்கிறது? அவள் கண் நேராகப் போனது கட்டில் காலுக்கு. அதில் ஒரு நூல் கட்டியிருப்பாள். தனியாகப் படம் கேட்டுப் பணம் கட்டுகிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நிறம். பச்சை ஒருவனுக்கு, துரு நிறம் இன்னொருவனுக்கு. வாங்கியவன் அதைக் கவனிக்கக்கூட மாட்டான். நாளைக்கு அந்தப் படம் ஏதாவது திருட்டுக் குழுவில் வந்து விழுந்தால், நூலைப் பார்த்தே வெளியே விட்டவன் எவன் என்று சொல்லிவிடுவாள். இப்படி மூன்று பேரைப் பிடித்துத் துரத்தியிருக்கிறாள்.

இந்த நூல் ஊதா. ஊதா வஹீதுக்கு உரியது, நோன்புக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவனுக்காகப் பிடித்த படம். ஆனால் முடிச்சை அவள் எப்போதும் கதவுப் பக்கமாகத்தான் போடுவாள், ஜன்னலோரம் நிற்கும் போனுக்குத் தெரியாதபடி. இந்த வீடியோவில் முடிச்சின் இரண்டு நுனியும் எலிக் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு அப்பால் அவள் முதுகு. முதுகுக்கும் அப்பால், ஜன்னல் வெளிச்சத்தில், மூன்று கால் தாங்கியில் நின்று அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது அவளுடைய அதே போன்.

இரண்டாவது தடவை ஓடவிட்டாள். பதினோரு நிமிஷம். படம் ஆடவே இல்லை. கடைசியில் அவள் துண்டை எடுக்கக் கதவுப் பக்கம் திரும்புகிறாள். முகம் முழுசாக விழுகிறது. ஆறு வருஷத்தில் ஒருத்தனுக்கும் காட்டாத முகம்.

வீடியோ வந்து விழுந்திருந்த திருட்டுக் குழுவில் அதுவரை அதைப் பார்த்திருந்தவர்கள் பதினோரு பேர்.

நோன்பின் ஒன்பதாம் நாள், அஸர் தொழுகை முடிந்து பொழுது சாயும் நேரம். காசாபிளாங்காவின் பழைய ரயிலடிப் பக்கத்துக் கட்டிடத்தில் நாலாவது மாடி. நோன்பு மாதம் முழுக்க அவள் படம் பிடிப்பதில்லை. இவள் நோன்பு வேறு பிடிக்கிறாளாம் என்று தெரிந்தவன் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் பிடிக்கிற நோன்பின் லட்சணம் அவளுடைய செய்திப் பெட்டியில் பகல் முழுக்கக் குவிகிறது.

இந்தத் தொழிலில் மிரட்டல் புதிதில்லை. அழுகிறவன், சாகப்போகிறேன் என்கிறவன், உன் ஊர் எனக்குத் தெரியும் என்கிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. பதில் போடாதே, பயந்ததைக் காட்டாதே, அனுப்பியதைப் படமெடுத்து வை, புகார் போடு, அடைத்துவிடு. போலீஸ் என்கிற வழி அவளுக்குக் கிடையாது. போனால் முதல் விலங்கு அவள் கைக்குத்தான்.

வஹீதிடம் மட்டும் இந்தச் சட்டமெல்லாம் தளர்ந்துபோயிருந்தது. இரண்டு வருஷப் பழக்கம். காய்ச்சல் என்றால் மருந்து வாங்கினாயா என்பான். அம்மா இறந்த நாள் வந்தால் நினைவுபடுத்தி அல்லாஹ்விடம் துஆ கேட்பான். 'மத்தவங்க மாதிரி நான் உன்கிட்ட எதுவும் கேக்கல ரீம்' என்று எழுதுவான். ரீம் என்பது அவள் தொழில் பெயர். படித்துப் பட்டம் வாங்கிய முதல் பெண் என்று குடும்பமே குலவையிட்டுக் கொண்டாடிய பெயர் ஸுகைனா. அந்தப் பட்டத்துக்கு வேலை கொடுக்க ஊரில் ஒருத்தனும் இல்லை.

வீடியோவைப் பார்த்ததும் அவனுக்குத்தான் எழுதினாள். முட்டாள்தனம். பதில் உடனே வந்தது.

'நான் இல்ல. எனக்கு வந்த படத்துல முடிச்சே தெரியாது. நல்லாப் பாரு. இது வீட்டுக்குள்ள இருந்து எடுத்தது. நான் சொல்லி இத அழிக்க வைக்கிறேன். ஆனா நீ வீட்டுல யாரையும் நம்பாத.'

வீட்டில் யாரையும் என்றால், வீட்டில் இருப்பது ஒரே ஆள். தங்கை நுஹைலா.

சமையலறையில் நுஹைலா ஹரிரா சூப்புக்குக் கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தாள். இருபது வயசு, நர்சிங் இரண்டாம் வருஷம். தக்காளியும் இஞ்சியும் கொதிக்கிற வாசனை பசித்த வயிற்றைச் சுருட்டி இழுத்தது.

"நோன்புக்கு முந்தின செவ்வாக்கிழமை நீ எங்கடி இருந்த?"

"காலேஜ்ல. பொம்மைக்கு ஊசி போட்டுட்டு இருந்தேன். ஏன்கா, பொம்மை வந்து புகார் குடுத்துச்சா?"

ஸுகைனா போனை நீட்டினாள். நுஹைலா பார்த்தாள். கத்தி நின்றது. ஆனால் முகத்தில் அதிர்ச்சி இல்லை. வெகுநாளாக வரும் என்று தெரிந்த பில் வந்துவிட்ட மாதிரி ஒரு அயர்ச்சி.

"நீ ஆச்சரியப்படவே இல்லையே."

"எனக்கு மூணு வருஷமாத் தெரியும்கா. மொழிபெயர்ப்பு வேலைன்னு சொல்லுவ. ரெண்டு பக்கம் மொழிபெயர்க்க எவளாவது முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சுக்குவாளா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்திருப்ப. நீ நிறுத்தினா நான் படிப்ப நிறுத்தணும். அதான் வாய மூடிக்கிட்டேன்." கொத்தமல்லியைக் கத்தியால் ஒதுக்கினாள். "அது என் கேவலம்கா. உன்னோடது இல்ல."

அந்த இடத்தில் ஸுகைனா அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கை எழும்பக்கூடச் செய்தது. அதற்குள் போன் அதிர்ந்தது. வஹீத்.

'தெரியும்னு சொல்றாளா? தெரிஞ்சவகிட்டதான் சாவியும் இருக்கு.'

"சாவி உன்கிட்டதானடி இருக்கு," என்றாள் ஸுகைனா. தன் வாயிலிருந்துதான் வந்தது.

நுஹைலா நிமிர்ந்து பார்த்தாள்.

"நோன்பு மயக்கத்துல பேசுறியா, இல்ல தெளிவாத்தான் பேசுறியா?"

"எவ்வளவு குடுத்தான் உனக்கு?"

அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நுஹைலா கையைக் கழுவினாள், அங்கியை மாட்டினாள், வளையத்திலிருந்து வீட்டுச் சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றி, நறுக்கின கொத்தமல்லிமேல் வைத்தாள்.

"அம்மா செத்தப்போ எனக்கு நீ இருக்கேன்னுதான் நான் அழல," என்றாள். "முஹம்மதியாவுக்கு ரயில் இருக்கு. பிரெண்டு வீட்டுல இருந்துக்கறேன். சூப்புக்கு உப்பு இன்னும் போடல."

படியில் அவள் செருப்புச் சத்தம் நாலு மாடியும் இறங்கித் தேய்ந்தது. ஸுகைனா கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டாள். உப்புப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். அதெல்லாம் கை தானாகச் செய்தது.

வெளியே நகரம் நோன்பு திறக்க ஓடிக்கொண்டிருந்தது: கடைசி டாக்ஸிகளின் ஹாரன், கடைக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழும் தகரச் சத்தம், எவனோ ரொட்டிக்காகச் சண்டை போடுவது, கட்டிடத்தின் நடுவே இருக்கும் காற்றுக் குழி வழியாக ஏழு வீட்டுச் சூப்பும் பொரித்த மீனும் தேனில் முக்கிய பலகாரமும் ஒன்றாகக் கலந்து ஏறும் வாசனை. பிறகு அந்தச் சத்தங்கள் ஒன்றொன்றாகக் கழன்றன. ஹாரன் நின்றது. தகரம் நின்றது. நோன்பு மாதத்தில் பாங்குக்கு முந்தைய ஐந்து நிமிஷம் இந்த ஊர் செத்த ஊர். தெருவில் நாய்கூட நிற்காது. கத்தினால் கேட்க ஆள் இருக்காது.

அந்த அமைதியில்தான் அவளுக்கு உறைத்தது.

தெரியும்னு சொல்றாளா, என்று எழுதியிருந்தான். நுஹைலா தனக்குத் தெரியும் என்று சொன்னது சமையலறையில். சொல்லி அரை நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அவள் போனின் ஒவ்வொரு அனுமதியையும் திறந்து பார்த்தாள். மைக் அடைத்துத்தான் இருந்தது. போனை மேஜைமேல் வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

படுக்கையறைக்குப் போனாள். கட்டில் காலில் ஊதா நூல் இன்னும் இருந்தது. அதன் முன்னால் குனிந்து, முடிச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் கோடு இழுப்பதுபோலப் பார்த்தாள். முடிச்சிலிருந்து திறந்த கதவு. கதவிலிருந்து முன்னறை. முன்னறையில் சுவரோரம் நீளும் மெத்தை இருக்கை. அந்த உயரம்தான். யாரோ அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண் மட்டத்தில், பதினோரு நிமிஷம் அசையாமல் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கும் இரண்டு தாழ்ப்பாளும் போட்டிருந்தாள். வேலை நாளில் நுஹைலாவே வந்து தட்டினாலும் திறக்க முடியாதபடி உள்ளிருந்து போடுவாள். சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கொத்தமல்லிமேல் கிடந்த அந்தச் சாவி.

குரல் செய்தி அனுப்பினாள். "நூஹா, தப்புப் பண்ணிட்டேன்டி. நீ இல்ல. எனக்குத் தெரியும் நீ இல்லன்னு. திரும்பி வா. உனக்கும் சேத்து ஊத்தி வைக்கிறேன்."

பழக்கத்தில் இரண்டு கிண்ணம் ஊற்றினாள். முன்னறை மேஜையில் வைத்தாள். பேரீச்சம்பழத் தட்டையும் வைத்தாள். மெத்தை இருக்கையைப் பார்க்காமல் வைத்தாள். மறுபடி படுக்கையறைக்கு வந்து, வாசலுக்குள் நின்று, நூலை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது.

பாங்கு எழுந்தது. ஒரு பள்ளிவாசலில் தொடங்கி, அடுத்ததில் பிடித்து, ஊர் முழுக்கப் பரவி, ஓய்ந்தது.

முன்னறையில் கிண்ணத்தில் கரண்டி பட்டது.

மெல்ல. பசித்தவர்கள் முதல் வாய் எடுக்கும் சத்தம்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வந்துவிட்டாள். தங்கம். கோபித்துக்கொண்டு போனாலும் பசி தாங்காமல் வந்துவிட்டாள். "நூஹா, வந்துட்டியாடி?" திரும்பக்கூட இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கையில் போன் அடித்தது. நுஹைலா.

"அக்கா." பின்னணியில் ரயிலின் தடதடப்பு. "இப்பதான்கா கேட்டேன். ரயில்லயே நோன்பு திறந்தாச்சு. ஒரு அம்மா பேரீச்சம்பழம் குடுத்தாங்க, ஒருத்தர் பால் குடுத்தார், பெட்டியே குடும்பம் மாதிரி ஆயிருச்சு. அவங்க எதுக்கும்மா அழறேன்னு கேட்டாங்க. அக்காகூடச் சண்டைன்னு சொன்னேன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

கரண்டி மறுபடி பட்டது. உறிஞ்சும் சத்தம். நிதானமாக.

தாழ்ப்பாள் இரண்டும் போட்டிருந்தது.

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி வந்துடறேன்கா. ஒரு மணி நேரம். எனக்கு ஊத்தி வைக்கிறேன்னு சொன்னியே, வச்சியா?"

அழைப்புக்கு மேலேயே வஹீதின் செய்தி விழுந்தது.

'ஸுகைனா. அவ வந்தா எனக்கு ரெண்டு பேர்.'

முதல் தடவையாக அவள் நிஜப் பெயர்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு நகத்துக்குள் ஏறியது.

"அக்கா? இருக்கியா?"

"வராத."

"என்னது?"

"அந்தச் செய்தி சும்மா அனுப்பினேன். நீதான் பண்ணின. எனக்கு நல்லாத் தெரியும். காசுக்குக் கூடப்பிறந்தவள வித்தவ நீ. இந்த வாசப்படி மிதிக்காத. நான் செத்தாலும் வராத."

ரயில் சத்தம் மட்டும். யாரோ ஒரு பெண் அங்கே, என்னம்மா ஆச்சு, என்று கேட்டாள். பிறகு நுஹைலாவின் மூச்சு. ஒரு சின்னக் குழந்தை விழுந்து, அழுவதற்கு முன்னால் இழுக்குமே, அந்த மூச்சு.

அழைப்பு அறுந்தது.

கரண்டிச் சத்தமும் நின்றது.

போன் தானாக ஒளிர்ந்தது. வஹீத் நேரலையில் இருக்கிறார். பார்ப்பவர்: ஒருவர்.

அவள் தொடவில்லை. அது திறந்தது.

திரையில் ஒரு படுக்கையறை வாசல். வாசலுக்குள் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். நெற்றி சுவரில் சாய்ந்திருக்கிறது. தோள் குலுங்குகிறது. படத்தின் கீழ் ஓரத்தில் பாதி காலியான ஒரு கிண்ணம், இன்னும் ஆவி விட்டுக்கொண்டு. அதன் பக்கத்தில் தொடாத இன்னொன்று.

படம் ஆடவே இல்லை.

பிறகு மெல்ல உயர்ந்தது. கிண்ணங்கள் கீழே இறங்கி மறைந்தன. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்திருக்கும்போது பார்வை உயருமே, அப்படி. உயர்ந்து, அவள் உயரத்தைத் தாண்டி, இன்னும் உயர்ந்தது.