பனி விலகிய இடம்

அந்த ஸ்டூடியோவின் கடைசி அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு காலத்தில் ஃபிலிம் சுருள்களைக் குளிரில் வைத்திருந்த அறையாம். கனமான இரும்புக் கதவு. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, போகாத ரசாயன வாடை.

“பூட்டை மாத்தியாச்சு. இருந்தாலும் கதவு கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும், முழுசா சாத்திடாதீங்க,” என்றார் மேனேஜர், ஏதோ வீட்டு மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு முன்னால் அங்கே இருந்தவரைப் பனி அண்ணன் என்பார்கள். லட்சக்கணக்கான புள்ளிகளைத் திரையில் பறக்கவிட்டு, அவற்றுக்குக் காற்றும் எடையும் ஆயுளும் கொடுத்து, சினிமாக் காட்சிகளுக்குப் பனிமூட்டமாக்குவதில் மன்னன். போன மாதம் ஒரு விடுமுறை நாளில் இதே அறைக்குள் மாட்டிக்கொண்டு, மூச்சுத் திணறிச் செத்துப்போனார். அவர் பாதியில் விட்ட வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, வந்த வேலையை வேண்டாமென்று சொல்ல முடியுமா?

மேனேஜர் சாப்பிடப் போன கொஞ்ச நேரத்தில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இழுத்தேன். அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். யாராவது வராமலா போவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அண்ணனுடைய ஃபைலைத் திறந்தேன்.

திரையில் இதே அறை. புதிதாக ஓர் அறை செய்யச் சோம்பல்பட்டு, உட்கார்ந்த இடத்தையே அளவெடுத்துச் செய்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். ஓடவிட்டேன். தரையிலிருந்து பனி எழுந்து அறையை நிறைத்தது.

கதவருகே மட்டும் விலகிப் போனது.

ஆள் உயரத்துக்கு ஒரு வெற்றிடம்.

பனி எதையாவது சுற்றிப் போக வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத தடுப்பு ஒன்றை அங்கே நிறுத்துவோம். எடுக்க மறந்திருப்பார் என்று தேடினேன். சுவர்களையும் கதவையும் தவிர எதுவுமே இல்லை.

வெற்றிடம் கையைத் தூக்கியது.

டொம். டொம். டொம்.

சத்தம் ஸ்பீக்கரில் இல்லை. என் முதுகுக்குப் பின்னால், நிஜக் கதவில். அதுவும் உள்பக்கம்.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

“அண்ணே,” என்றேன், குரல் எழும்பாமல். “நானும் மாட்டிக்கிட்டேன்ணே.”

தட்டல் நின்றது. திரையில், பனியை விலக்கிக்கொண்டு அது நாற்காலியை நோக்கி வந்தது.

பிடரியில் குளிர் ஏறியது.

வேறு வழி தெரியவில்லை. திரையில் இருந்த கதவைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அடைபட்ட பனி அந்த ஓட்டை வழியாக வெளியே பாய்ந்தது. வெற்றிடமும் கூடவே போனது.

பின்னால் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

பையைக்கூட எடுக்காமல் ஓடினேன். வெளியே நல்ல மழை. வீடு வந்து சேரும்வரை நின்று நின்று திரும்பிப் பார்த்தேன். மழை எங்கேயும் விலகவில்லை, தெரு முழுக்கச் சீராகத்தான் பெய்தது. அப்பாடா என்றிருந்தது.

மனைவி குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். “இப்படித் தொப்பலா நனைஞ்சுட்டீங்களே! கதவைச் சாத்துங்க, பாப்பா மேல சாரல் அடிக்குது.”

உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

டொம். டொம். டொம்.

“யாரோ தட்றாங்க பாருங்க,” என்றாள்.

கதவு எங்கள் பக்கத்திலிருந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

தாழ்ப்பாளை இழுத்தேன். அசையவில்லை.