கம்பிக்கு உள்ளே

மோட்டார் சத்தம் நின்றதும் சீனியம்மாள் விழித்து எழுந்து உட்கார்ந்தாள்.

அழகர்மலை அடிவாரத்து மாந்தோப்புக்குக் காவல் வந்ததிலிருந்து அவளைத் தூங்கவிட்டது அந்தச் சத்தம் ஒன்றுதான். கரடி அண்டாமலிருக்க கூடாரத்தைச் சுற்றிக் கம்பி இழுத்து, பம்புசெட்டுக்குப் போகிற லைனில் கொக்கி போட்டுக் கரண்டு கொடுத்திருந்தார் குத்தகைக்காரர் நல்லகாமன்.

"மோட்டாரு ஓடுனா கம்பியத் தொடாதீக. நின்னா தாண்டலாம்" என்றதோடு அந்தப் புண்ணியவானின் பொறுப்பு தீர்ந்தது.

தூரத்தில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் பாதிப் பாட்டில் அடங்கியது.

"கரண்டு போச்சு புள்ள. வாய்க்கால்ல தண்ணி மொண்டுட்டு வாரேன்" என்று குடத்தோடு கம்பியைத் தாண்டினான் அவள் புருஷன் மொக்கையன்.

"வெரசா வாங்க. பயமா இருக்கு."

"கரடி என்ன ஒன்னையக் கட்டிக்கவா போகுது?"

சிரிப்பு இருட்டுக்குள் போய் மறைந்தது. பிள்ளை கூடாரத்தில் தூளியில் தூங்கியது. உதிர்ந்து அழுகிய மாம்பழத்தின் புளித்த வாடையோடு நனைந்த மயிர் வாடையும் கலந்து வர, கூடாரத்துக்குப் பின்னால் சருகு நொறுங்குவதும் நிற்பதும் மறுபடி நொறுங்குவதுமாக இருந்தது. பெருச்சாளிதான் என்று கூடார வாசலில் நின்றபடி மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தோப்புக்கு மனிதர்களைக் கண்டாலே ஆகாது.

ஒலிபெருக்கி திடீரென்று பாடத் தொடங்கியது. அப்பாடா, கரண்டு வந்துவிட்டது.

ஆனால் மோட்டார் ஓடவில்லை.

மயிர் கருகும் நாற்றம். கரடி கம்பியில் மாட்டிக்கொண்டது! நல்லா வேணும் என்று அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

குடம் உருண்டு கிடந்தது. மொக்கையன் நின்றான். கை கம்பியில். தலை தொங்கியிருந்தது.

மோட்டார் ஓடாததை நம்பிக் கம்பியைத் தூக்கியிருக்கிறான். கரண்டு திரும்பினாலும் ஸ்டார்ட்டரை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். கம்பிக்கு யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லை.

அவனை இழுக்கக் கை நீட்டியவள் சட்டென்று பின்வாங்கினாள்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். கனமான, ஈர மூச்சு. கூடாரத்துக்குள்ளிருந்து.

கரண்டு இல்லாத நேரத்தில் கம்பியைத் தாண்டியது மொக்கையன் மட்டுமல்ல. இப்போது சுற்றிலும் கரண்டு. யாரும் உள்ளே வர முடியாது. எதுவும் வெளியே போக முடியாது.

திரும்பினாள்.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் நீள நீளமாக வெள்ளை நகங்கள். அப்பாதான் ஆட்டுகிறார் என்று நினைத்ததோ என்னவோ, பிள்ளை சிரித்தது.