ராஜரத்தினத்தின் நீலப் பல்

டெலிபோன் அலறியது.

டொக்டர் பர்வின் கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

"டொக்டர், பொலிஸில இருந்து சார்ஜன்ட் வீரையா கதைக்கிறன். நெளுக்குளம் ரைஸ்மில் ராஜரத்தினத்தைத் தெரியுமோ?"

"ஓம். என்னட்டைத்தான் பல்லுக்கு வாறவர்."

"இனி வரமாட்டார். காலமை செத்துக் கிடந்தார். முன்பல்லு ஒண்டு நீலமாய் இருக்கு... நஞ்செண்டு சந்தேகம். அவற்ர தம்பி சஜீவனைப் பிடிச்சு வைச்சிருக்கிறம். நேற்றுப் பின்னேரம் சாராயம் ஊத்திக் குடுத்தது அவர்தான்."

பர்வின் ரிசீவரை வைத்தாள்.

முன்பல். நீலம்.

நஞ்சல்ல... என் சாயம்!

மூன்று நாட்களுக்கு முன்புதான் அந்தப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை தொடங்கியிருந்தாள். 2005இல் வவுனியாவுக்குப் புது முறை. வேர்க்குழாய்க்குள் நீலச் சாயம் விட்டு, சிவப்பு ஒளி பாய்ச்சிக் கிருமியைக் கொல்வது. சாயத்தை வேரோடு நிறுத்த வேண்டும். முடிந்ததும் ப்ளீச் தண்ணீரால் கழுவி எடுக்க வேண்டும். தவறினால் பல்லுக்குள் ஊறி, வெளியே நீலம் தெரியும்.

அன்று ஒளியை அணைத்த நேரம் பார்த்து உம்மாவிடமிருந்து போன் வந்தது. கதைத்துவிட்டு வந்த அவசரத்தில் பஞ்சை வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பிவிட்டாள்.

கழுவவில்லை.

சொன்னால் கிளினிக்கை மூட வேண்டியதுதான். சொல்லாவிட்டால்... ஒரு அப்பாவி மறியல் சிறையில்.

மத்தியானம் வரை வந்த நோயாளிகளைப் பார்த்தாள். சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே தள்ளி வைத்தாள். உதவிக்கு நிற்கும் பிரேமிளா இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். "என்ன டொக்டர், சுகமில்லையோ?"

பிறகு பொலிஸுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

கம்பிக்குப் பின்னால் இருந்த சஜீவன் கையெடுத்துக் கும்பிட்டான். "டொக்டர், என்னைக் காப்பாத்திப் போட்டீங்கள்."

அந்தக் கும்பிடு அவளை இன்னும் சுட்டது.

வீரையா நாடியைச் சொறிந்தார். "வாய்ச்சொல் மட்டும் காணாது. பல்லைத் திறந்து காட்டுங்கோ. நீதவானிட்டை அனுமதி எடுக்கிறன்."

பின்னேரம் நாலு மணி. பிரேத அறை.

பிரேமிளா டோர்ச் பிடித்தாள். பல்லின் பின்புறம் இருந்த தற்காலிக அடைப்பைப் பர்வின் சுரண்டினாள்.

நீலம்.

"பாருங்கோ சார்ஜன்ட். என்ர பிழைதான்."

இன்னும் சுரண்டினாள். நீலம் வெளிறியது... மறைந்தது. அடியிலிருந்த பஞ்சை இழுத்தாள்.

வெள்ளை.

உட்சுவரைப் பார்த்தாள். பால் போல வெள்ளை!

"பிரேமிளா... இதை ஆர் கழுவினது?"

பிரேமிளா டோர்ச்சைத் தாழ்த்தினாள்.

"நான்தான், டொக்டர். நீங்கள் போன் கதைக்கப் போனீங்கள். சாயம் ஊறிப் போகுமெண்டு ப்ளீச் விட்டுக் கழுவினனான். கேக்காமல் செய்ததுக்கு ஏசுவீங்களெண்டு சொல்லேல்ல."

பர்வின் சுரண்டி எடுத்த அடைப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"சார்ஜன்ட்... என்ர சாயமெண்டால் உள்ளுக்கிருந்து வெளியில வரவேணும். இது வெளியில இருந்து உள்ளுக்குப் போயிருக்கு. இந்த அடைப்பு, பஞ்சு மாதிரி வாயில பட்டதைக் குடிக்கும். அந்த நீலம்தான் பல்லுக்கு முன்னால தெரிஞ்சிருக்கு. அவர் நீலமாய் எதையோ குடிச்சிருக்கிறார்."

வீரையா அதற்குமேல் நிற்கவில்லை.

ஒரு மணித்தியாலத்தில் ரைஸ்மில்லின் உமிக் குவியலுக்குள் போத்தல் அகப்பட்டது. வயலுக்கு அடிக்கும் நீல மருந்து, பாதி இல்லை. வீரையா அதைப் பொலிஸுக்குக் கொண்டுவந்தபோது பர்வினும் அங்கே இருந்தாள். அவளைப் பார்த்து மறுபடி கும்பிட்ட சஜீவனின் கை, போத்தலைக் கண்டதும் கீழே இறங்கியது.

"அண்ணன் மில்லை எனக்குத் தரமாட்டனெண்டவர்," என்றான்.

பர்வின் அவனைப் பார்த்தாள். நல்லவள் என்ற நினைப்பில், ஒரு கொலைகாரனை வெளியே விடவல்லவா வந்திருந்தாள்?

"சார்ஜன்ட், நான் தந்த வாக்குமூலம்...?"

வீரையா அதை நாலாக மடித்தார்.

"இருபது வருசமா, செய்ததை இல்லையெண்டு சொல்லுறவையைத்தான் கண்டனான். செய்யாததைச் செய்தனெண்டு ஓட்டோ பிடிச்சு வந்தது நீங்கள்தான், டொக்டர்."