ஒரு மணிக்கு மூன்று பள்ளம்

மாயக்காளுக்குப் பாட்டு வரும், கதை வரும், ஓட்டம்கூட வரும். கணக்கு மட்டும்தான் வராது.

அவள் சோழவந்தான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தாள். ஒருநாள் வாத்தியார் கேட்டார். "ஒரு குட்டையை ஒருத்தர் ஆறு மணி நேரத்தில இறைப்பார். இன்னொருத்தர் மூணு மணி நேரத்தில இறைப்பார். ரெண்டு பேரும் சேர்ந்து இறைச்சா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒன்பது மணி நேரம் சார்!" என்றாள் மாயக்காள்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் தாயி, தனியாவே மூணு மணி நேரத்தில முடிக்கிறவருக்குத் துணைக்கு ஆள் வந்தா ஒன்பது மணி நேரமா? வந்தவரு தண்ணிய உள்ளேயா ஊத்துனாரு?"

வகுப்பே சிரித்தது. மாயக்காளும் சிரித்தாள். ஆனால் சரியான விடை மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அன்று மாலை பிடித்த மழை விடியும்வரை கொட்டித் தீர்த்தது. காலையில் மாயக்காளும் அப்பா நல்லகாமனும் வெற்றிலைத் தோட்டத்துக்கு ஓடினார்கள். கொடிகளுக்கு நடுவே இருந்த ஆறு பள்ளங்களிலும் தண்ணீர் தளும்பி நின்றது.

"உச்சி வெயிலுக்குள்ள தண்ணிய வெளியேத்தணும்த்தா. வெயில்ல தண்ணி சூடாச்சுன்னா வேர் அழுகிரும்" என்றார் அப்பா.

பக்கத்துத் தோட்டம் காசிமாயனுடையது. அங்கேயும் ஆறு பள்ளம், அதே வெள்ளம். காசிமாயனும் அவர் மனைவி ரெங்கம்மாளும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து, பெரிய இறைகூடையை வீசி வீசி இறைத்தார்கள். அப்பாவுக்கு அப்படிக் கூட்டு இல்லை. அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். அதனால் அவர் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினார். மாயக்காள் சிரட்டையால் அள்ளி ஊற்றினாள்.

ஏழு மணி ரயில் போனபோது தொடங்கிய வேலை. எட்டு மணிச் சரக்கு வண்டி போனபோது அப்பா ஒரு பள்ளத்தை முடித்திருந்தார். பக்கத்தில் இரண்டு பள்ளம் காலி.

அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "மிச்சம் அஞ்சு பள்ளம். முடிக்கப் பகல் ஒரு மணி ஆயிரும். கடைசிப் பள்ளத்துக் கொடியெல்லாம் போச்சு."

"காசிமாயன் மாமாவைக் கூப்பிடலாமேப்பா?"

"வேணாம்த்தா. மதுரை ஆஸ்பத்திரியில அவுக மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பன்னெண்டு மணி ரயிலப் பிடிக்கணும். அவுகளுக்கு மூணு மணி நேர வேலை, நமக்கு ஆறு மணி நேர வேலை. ஒண்ணாச் சேர்த்தா ஒன்பது மணி நேரம். ரயிலு போயிருமே!"

மாயக்காள் திடுக்கிட்டாள். அவள் வகுப்பில் சொன்ன அதே ஒன்பது!

அவள் பள்ளங்களைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் அப்பா ஒன்று. அவர்கள் இரண்டு. சேர்ந்தால் மூன்று! ஆறு பள்ளத்துக்கு இரண்டே மணி நேரம், வாத்தியார் கேட்ட குட்டைக்கும் அதேதான். நேரத்தையும் நேரத்தையும் கூட்டியதுதான் தப்பு. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையையும் வேலையையும் அல்லவா கூட்ட வேண்டும்!

அவள் வரப்பைத் தாண்டி ஓடினாள். "மாமா! உங்களுக்கு நாலு பள்ளம் மிச்சம், எங்களுக்கு அஞ்சு. மொத்தம் ஒன்பது. எல்லாரும் சேர்ந்தா மணிக்கு மூணு பள்ளம். பதினோரு மணிக்கு ரெண்டு தோட்டமும் முடிஞ்சிரும். அப்பா முதல்ல உங்க தோட்டத்துக்கு வருவாரு!"

"கணக்கு தப்பிப்போனா?" என்றார் காசிமாயன்.

"இன்னும் வேகமா இறைங்க மாமா!"

ரெங்கம்மாள் சத்தம் போட்டுச் சிரித்தாள். "பத்து மணிக்கு நம்ம வேலை முடிஞ்சாலும் பன்னெண்டு வரைக்கும் ஸ்டேஷன்ல சும்மாதானே உக்காந்திருக்கணும்? நல்லகாமண்ணே, வாங்க இங்கிட்டு!"

அப்பா தன் தோட்டத்துத் தண்ணீரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு தகரத்தோடு வரப்பைத் தாண்டினார்.

நான்கு பள்ளமும் மளமளவென்று வற்றின. அப்புறம் எல்லாரும் இந்தப் பக்கம் வந்தார்கள். கூடை வீச்சுக்குத் தோதாகக் காசிமாயன் ஏலேலோ போட்டார். மாயக்காள் மூலைமுடுக்கில் தேங்கியதையெல்லாம் சிரட்டையால் வழித்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது.

கடைசிப் பள்ளத்தில் சேறு மட்டும் மிஞ்சியபோது காசிமாயன் கூடையைக் கீழே வைத்தார். "உன் கணக்கு தப்பிருச்சே தாயி! பதினோரு மணி ரயிலு இன்னும் வரலையே!"

மாயக்காள் முழித்தாள். விரல் விட்டு எண்ணினாள். அப்பா ஒன்று, அவர்கள் இரண்டு... எங்கே தப்பு?

அப்பா அவளுடைய சேற்றுக் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கையை நீ கணக்குல சேக்கவே இல்லையே ஆத்தா!"

எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா குனிந்து, தப்பிப் பிழைத்த கொடிகளில் கொழுந்து வெற்றிலையாகப் பறித்து, வாழை இலையில் சுற்றி ரெங்கம்மாளிடம் நீட்டினார். "பிள்ளையப் பாக்கப் போறீக. இதக் கொண்டுபோங்க. நீங்க மட்டும் வரலைன்னா..."

"அட, நீங்கதான முதல்ல எங்க தோட்டத்துக்கு வந்தீக!" என்றாள் ரெங்கம்மாள். வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பேத்திகிட்ட உன்னயப் பத்திச் சொல்றேன்டி" என்று மாயக்காளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

அவர்கள் ஸ்டேஷனுக்கு விரைந்தார்கள். அப்பா சட்டென்று மாயக்காளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார்.

"இறக்கி விடுங்கப்பா! பத்து வயசுப் பிள்ளையத் தூக்கிட்டுப் போனா ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்த்தா" என்றார் அப்பா. வீடு வரும்வரை அவளை இறக்கவே இல்லை.